சிமியோனாவின் கிளை

படாங்காஸ் மீன் சந்தையில் லியோனிலாவிடம் மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" அதைச் சொன்னால் போதும், அவர்களுடைய கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பதுவரை அவள் சொல்லிவிடுவாள். பக்கத்தில் ஐஸ்கட்டி உடைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் அன்செல்மோவுக்கு அப்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

ஆனால் ஊர் உறவையெல்லாம் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டு உறவை நிரூபிக்க வழியில்லை. அவர்களுடைய அம்மா பெட்ரா, லியோனிலா நடக்கப் பழகும் முன்பே இறந்துபோனாள். பெட்ராவைப் பெற்ற சிமியோனா உப்பளத்தில் பிறந்தவள். பெரிய வீட்டு ஹெர்வாசியோ கதிம்பாங், கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்துப் பெண் ஒருத்தியிடம் பெற்ற மகள்தான் அவள் என்று ஊர் முணுமுணுத்தது. முணுமுணுப்பை வைத்துக்கொண்டு யாரும் உறவு கொண்டாட முடியாது.

ஹெர்வாசியோவுக்கும் மனைவி ஊர்சுலாவுக்கும் ஆறு பிள்ளைகள். கதிம்பாங் வம்சம் ஒன்றுகூடும்போது ஆறு கிளைகளுக்கும் ஆறு நிறச் சட்டைகள். மூத்த மகன் பாஸ்குவலின் கிளைக்குச் சிவப்பு. ஊர்வலத்தில் சிவப்புக்கு முன்னால் வேறு நிறம் நடந்ததே இல்லை.

இந்த முறை பதாகையில் வம்ச மரத்தை வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். வேர் தேட லியோனிலாவைத்தான் கூப்பிட்டார்கள். மூன்று வருஷம் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அவள் வாழையிலையில் சுற்றிய சுமான் பலகாரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். யார் எந்தக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று பார்த்தாள். பலகாரத்தை நீட்டிப் பேச்சுக் கொடுத்தாள். ஹெர்வாசியோவின் அப்பா மக்காரியோ மிண்டோரோவிலிருந்து படகில் வந்தவர் என்பது அப்படித்தான் தெரிந்தது. குடும்பமே கொண்டாடியது. பதாகையின் அடியில் ஒரு படகையும் வரைந்தார்கள்.

பிறகுதான் அவள் சிமியோனாவுக்கும் ஒரு கிளை கேட்டாள்.

அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கொன்சலா அத்தை. பாஸ்குவலின் மகள். ஹெர்வாசியோவின் பேரப்பிள்ளைகளில் உயிரோடிருப்பவர் அவர் ஒருவர்தான். ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டு மாமரத்தடியில் எல்லாரும் பான்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேர் தோண்டினவளுக்குக் கூலி குடுக்கலாம்டி. அதுக்காகக் கிளையையே குடுக்க முடியுமா?" என்றார் அத்தை.

"மீன்காரிக்குச் செதில்தான் சட்டை!" என்றான் அத்தையின் மகன் ருபீனோ. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அன்செல்மோ எழுந்துவிட்டான். "வா லியோனிலா, போலாம். இவங்க சிரிக்கிறதுக்கா நீ மூணு வருஷம் அலைஞ்ச?"

"உக்காருண்ணே. தட்டுல பான்சித் அப்படியே இருக்கு." அவள் அத்தையின் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "கிளை கெடக்கட்டும் அத்தை. உங்க தாத்தா செத்தப்ப, பேரப்பிள்ளைங்களைச் சவப்பெட்டிக்கு மேல கைமாத்திக் குடுத்தாங்களாமே. நீங்க ரொம்ப அழுதீங்களாம்?"

செத்தவர் ஏக்கத்தில் பிள்ளைகளைத் தேடி வந்துவிடாமலிருக்கச் செய்வது அது. சொந்த ரத்தத்துக்கு மட்டுமே செய்வார்கள்.

அத்தைக்குச் சுருக்கென்றது. "யாருடி சொன்னா நான் அழுதேன்னு? எனக்கு அஞ்சு வயசு, கண்ணுல ஒரு சொட்டு வரல. எனக்கு முன்னாடி போனா பாரு, அவதான் ஊரைக் கூட்டினா. எட்டு வயசுக் கழுதை! உதைச்ச உதையில குதிகால் பெட்டியில பட்டு, மேல வச்சிருந்த பூவெல்லாம் கொட்டிப்போச்சு. எங்கப்பாதான் இந்தப் பக்கம் நின்னு தூக்கிவிட்டார். அவருக்கும் மூக்குல ஒரு உதை!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"யாரு அத்தை அது?" என்று லியோனிலா மெதுவாகக் கேட்டாள்.

"அவதான், உப்பளத்து பெட்ரா..."

அத்தையின் வாய் அப்படியே நின்றது. சிரிப்பும் நின்றது. அன்செல்மோ தட்டைக் கீழே வைத்தான். இப்போது அத்தை 'மறந்துபோச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாட்சி சொல்ல உலகத்தில் வேறு யாருமில்லை. தங்கை அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல ஆள் மாறியிருக்கும்மா," என்றான் ருபீனோ.

"வாயை மூடுடா!" அத்தை கைத்தடியால் தரையில் ஒரு தட்டு தட்டினார். "உங்க தாத்தா பாஸ்குவல் ஆள் தெரியாம ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் தூக்கமாட்டார். அவர் கையால அவளைத் தூக்கிக் குடுத்தார்னா, அவ எங்க ரத்தம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இத்தனை வருஷமா இதைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லியிருக்கேன். என்ன சொல்றேன்னு எனக்கே உறைக்கல."

வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகள் ஆசி வாங்குவதுபோல, லியோனிலா குனிந்து, அத்தையின் புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மஞ்சள் யாரும் எடுக்கலையே? இவங்களுக்கு மஞ்சள்," என்றார். அதோடு விடவில்லை. "சிமியோனா எங்கப்பாவுக்கு மூத்தவ. மூத்தவ கிளைதான் முன்னால போகணும்."

"அப்ப நாம பின்னாலயா?" ருபீனோ அலறினான்.

"கணக்குன்னா கணக்குதான். நீ செதில் பொறுக்கிட்டே வா."

ஒன்றுகூடலன்று மேளக்காரர்களுக்கு அடுத்தபடியாக மஞ்சள்தான் போனது. அன்செல்மோவின் பேரப்பிள்ளைகள், லியோனிலாவின் மகள்கள், மின்டானாவோவிலிருந்து கப்பலேறி வந்த பெட்ராவின் தம்பி மக்கள் என்று தெரு அடைத்துக்கொண்டு நடந்தார்கள். பதாகையில் ஹெர்வாசியோவின் பெயருக்கு மேல் முதல் கிளையாகச் சிமியோனா என்று எழுதியிருந்தது. அதைப் பிடித்திருந்த அன்செல்மோ வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். சந்தைத் தெருவில் ஒவ்வொரு கடைக்காரரும் அதைப் படித்துவிட்டுத் தன் தங்கையைப் பார்க்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

பின்னால் சிவப்புச் சட்டையோடு சக்கர நாற்காலியில் வந்த கொன்சலா அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏய் மஞ்சள்! முன்னால விட்டா இப்படியா ஊருவீங்க? நடங்கடி!"

"மூத்த கிளை அத்தை, நிதானமாத்தான் போகும்!" என்று லியோனிலா திரும்பிப் பார்த்துக் கத்தினாள். மேளத்தையும் மீறி அவள் குரல் தெருக்கோடிவரை கேட்டது.