அம்மா முட்டி போட்ட ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மாவின் முட்டிகளையும் சேர்த்தால் ஐந்து பேர். காலையில் எழுந்ததும் அப்பா அம்மாவிடம் கேட்கிற முதல் கேள்வியே, "என்ன சொல்றாங்க ரெண்டு பேரும்?" என்பதுதான். "இடது பக்கத்துக்காரி மொணமொணங்குறா. வலது பக்கத்துக்காரி பரவால்லலா," என்று எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு ‘லா’ சேர்த்து அம்மா பதில் சொல்வார். இடது முட்டிக்குக் கோபம் அதிகம், வலது முட்டி கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகிற குணம் என்பதெல்லாம் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

பிள்ளையே வேண்டாம் என்று இருவரும் மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள் நான். எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவுக்கு ஐம்பது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் செய்கிற ஒரு ஃபேக்டரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றுகொண்டே வேலை செய்துவந்தார். முட்டியில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, தேய்ந்தது திரும்ப வளராது, இனி அதோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று அரசாங்க கிளினிக்கில் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவும் சொன்னபடியே பழகிக்கொண்டார். புதிதாக வந்த மருமகளோடு பழகுவதைப் போல, எதற்குக் கோபம் வரும், எதற்கு வராது என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார்.

கட்டிலைவிட்டு இறங்குமுன் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காலையும் இருபது தடவை நீட்டி மடக்குவார். எண்ணுவது மலாயில்தான். ஃபேக்டரியில் காலை உடற்பயிற்சிக்கு அப்படித்தான் எண்ணுவார்களாம். சமையலறையில் காப்பிக் கடையிலிருந்து வாங்கி வந்த உயரமான நாற்காலி ஒன்று இருந்தது. வெங்காயம் உரிப்பதிலிருந்து ரசம் தாளிப்பதுவரை அதில் உட்கார்ந்தபடியே நடக்கும். பாசாரில் வாங்கும் சாமானை இரண்டு பைகளில் சரிபாதியாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்குவார். போகிற வழியில் எந்தக் கடையின் ஐந்தடி நடைபாதையில் உட்காரக் கல் இருக்கிறது, எந்தச் சீனர் ஸ்டூல் போட்டுத் தருவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜார்ஜ்டவுன் முழுவதையும் அவர் உட்காரும் இடங்களாகத்தான் நினைவில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். மாத்திரை மட்டும் ரொம்ப மோசமான நாளுக்கு. அதுவும் சாப்பிட்ட பிறகுதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வலியை இவ்வளவு ஒழுங்காகக் கட்டி மேய்த்தால், பார்க்கிறவர்களுக்கு வலியே இல்லை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றால் மாதா கோயிலுக்கு. ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தமிழ்ப் பூசை, அது முடிந்து பத்தரைக்குச் சீனப் பூசை. பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது கோயில் முழுக்க மண்டியிடும். அம்மா மட்டும் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். எட்டு வயதுவரை நான் இதைக் கவனித்ததே இல்லை. ஒன்பதாவது வயதில் என்னைப் புதுநன்மை வகுப்பில் சேர்த்தார்கள். முதன்முதலாக நற்கருணை அப்பத்தை, எங்கள் பேச்சில் நன்மையை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்பு அது. எங்கள் டீச்சர் நல்லவர், ஆனால் எதையும் அரைகுறையாகச் சொல்லமாட்டார். சாமி முன்னால் மண்டியிடுவதற்குச் சோம்பல்படுகிறவர்களைப் பற்றி ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் காதருகே குனிந்து, "உங்கம்மாவுக்குச் சாமி மேல கோவமா?" என்று கேட்டாள்.

முட்டி வலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டு முட்டிகள் நம் வீட்டு விஷயம் அல்லவா? அதோடு எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பாசாருக்கு நடக்க முடிகிறது, ஃபேக்டரியில் நாள் முழுக்க நிற்க முடிகிறது, ஐந்து நிமிடம் முட்டி போட மட்டும் எப்படி முடியாமல் போகும்?

புதுநன்மை அன்று என்ன நடக்கும் என்பதை டீச்சர் வகுப்பில் விளக்கியிருந்தார். நன்மை வாங்கிவிட்டு முன்வரிசைகளுக்குத் திரும்பி வந்ததும், பிள்ளை நடுவிலும் அப்பா அம்மா இரண்டு பக்கமுமாக மண்டியிட்டு நன்றி ஜெபம் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் வழக்கம் அது. நான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒக்காந்துக்கிறேன் பாப்பா. அப்பா முட்டி போடுவாங்க," என்றார்.

"எல்லா அம்மாவும் முட்டி போடுவாங்க. நீங்க மட்டும் போடலன்னா நான் நன்மையே வாங்கமாட்டேன்," என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. பாசாருக்கு நடக்கிற கால் சாமிக்கு மடங்காதா என்று டீச்சர் குரலில் ஒரு கேள்வியும் கேட்டேன். அப்பா செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அம்மா புளிக் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பிறகு, "சரி பாப்பா, போடுறேன்லா," என்றார். நான் வெற்றிபெற்ற மகிழ்ச்சியில் துள்ளிக் குதித்துக்கொண்டு கீழ்மாடிக்கு விளையாடப் போய்விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டில் நடந்தவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடு துடைக்கும் வேலை அப்பா கைக்குப் போனது. பாசார் வாரத்துக்கு ஒருமுறை ஆனது. அம்மா ஓவர்டைமுக்குப் போகவில்லை. நாம் பண்டிகைக்கு அரிசி பருப்பு ஒதுக்கி வைப்பது போல அம்மா முட்டிகளை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் தரையில் இரண்டு தலையணைகளைப் போட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுப் பழகினார் என்பதை அப்பா பல ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டிக்கூட்டி ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தாராம்.

அந்த ஞாயிறும் வந்தது. எனக்கு வெள்ளைக் கவுன், தலையில் துணிப்பூ வைத்த வளையம், கையில் மெழுகுவத்தி. அம்மா அதிகாலையிலேயே கஞ்சி குடித்து மாத்திரை போட்டுக்கொண்டார். ஊதா நிறப் பட்டுச்சேலைக்குள் இரண்டு முட்டிகளிலும் உறை மாட்டியிருந்தார். முதல் வரிசையில் நாங்கள் உட்கார்ந்தோம். அப்பம் தூக்கும் நேரத்தில் அம்மா வழக்கம்போல உட்கார்ந்தே இருந்தார். வகுப்பில் என் பக்கத்து இடக்காரி அடுத்த வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தது தெரிந்தது. ஆனால் நன்மை வாங்கிவிட்டு நாங்கள் திரும்பியதும், அம்மா முன்னாலிருந்த தடுப்புக் கட்டையை இரண்டு கைகளாலும் பிடித்தார். மெல்ல மெல்லக் கீழே இறங்கினார். முதலில் வலது, பிறகு இடது. என் பக்கத்தில் என் உயரத்துக்கு வந்தது அவர் முகம்.

நான் டீச்சர் சொல்லிக்கொடுத்த நன்றி ஜெபத்தைச் சொன்னேன். எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அம்மா எழவில்லை. சாமியார் அறிவிப்புகள் படித்தார். அம்மா எழவில்லை. கடைசி ஆசீருக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள், பாட்டு முடிந்தது, அப்போதும் அம்மா கண்ணை மூடியபடி அதே இடத்தில் இருந்தார். அப்பா குனிந்து தோளைத் தொட்டார். அம்மா கண்ணைத் திறக்காமலே, "பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போங்க. போட்டோ எடுக்கணும்ல," என்றார். அப்பா தயங்கினார். "போங்களேன்," என்று அம்மா மறுபடியும் சொன்னார்.

அப்பா என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். காலியாகிக்கொண்டிருந்த கோயிலில் முதல் வரிசையில் அம்மா மட்டும், முதுகு நேராக, தலை நிமிர்ந்து, மண்டியிட்டிருந்தார். பெருமையில் என் மார்பு இரண்டு மடங்கானது. பக்கத்து இடக்காரியின் விலாவில் இடித்து, "பாத்தியா?" என்று கேட்டேன்.

படிக்கட்டில் எடுத்த புகைப்படத்தில் அம்மா இல்லை. நான் அழைத்துவரப் போகிறேன் என்றபோது டீச்சர் தடுத்துவிட்டார். "தொந்தரவு பண்ணாதம்மா. உங்கம்மா ஜெபத்துல இருக்காங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. அப்பா இரண்டு தடவை உள்ளே போகப் பார்த்தார். யாராவது ஒருவர் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லி நிறுத்திக்கொண்டே இருந்தார்கள். மண்டபத்தில் நாசி லெமாக் சோறும் கறிபாப் பலகாரமும் கொடுத்தார்கள். அம்மாவுக்கென்று ஒரு கறிபாப்பைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் உள்ளே ஓடினேன்.

சீனப் பூசைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா வயதுச் சீன ஆண்ட்டி ஒருவர், கைப்பையிலிருந்து எடுத்த தைலத்தை அம்மாவின் முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கவுனில் மஞ்சள் கறை பட்டுவிட்டதே என்றார். ஆண்ட்டி என் தலை வளையத்தைச் சரிசெய்துவிட்டு, மலாயில், உன் அம்மா ரொம்ப பலசாலி என்றார். நான் ஆமாம் என்றேன். எங்கள் கோயிலிலேயே அம்மாதான் ரொம்ப நேரம் மண்டியிட்டவர் என்று அவருக்கும் விளக்கினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா எழவில்லை, ஏனென்றால் அவரால் எழ முடியவில்லை. கட்டில் காலும் தலையணையும் இல்லாத இடத்தில் இரண்டு முட்டிகளும் பூட்டிக்கொண்டுவிட்டன. அசைந்தால் உயிர் போகிற வலி. இதை எழுத எனக்கு மூன்று வரிதான் தேவைப்படுகிறது, தெரிந்துகொள்ளப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த ஆண்ட்டி சீக்கிரமாகவே வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவருக்கும் அதே வியாதி. ஜெபம் பண்ணுகிறவர்கள் கட்டையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அருகில் வந்து, கால்களை நம்பாதே, இடுப்பை முதலில் பக்கவாட்டில் திருப்பு, முழங்கையை பெஞ்சில் ஊன்று, இடுப்பு ஏறட்டும், கால் பிறகு வரட்டும் என்று சொல்லிச் சொல்லி, இடுப்பில் கைகொடுத்து அம்மாவை ஏற்றிவிட்டிருக்கிறார். அவருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் அவர் கடைசிவரை தைல ஆண்ட்டிதான்.

அடுத்த மூன்று நாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. என் புதுநன்மையைக் கொண்டாட லீவு எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பா முட்டை போட்டு மீ நூடுல்ஸ் பிரட்டினார், நான் கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். புதுநன்மைக்குப் பிறகும் தொடர்ந்த சனிக்கிழமை வகுப்பில் டீச்சர் அம்மாவை எல்லாருக்கும் உதாரணமாகக் காட்டினார். ஓடிவந்து அதைச் சொன்னபோது அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நம்ம வீட்டுல ஒரு புனிதவதி இருக்காங்கன்னு இத்தன வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார் அப்பா. என் பக்கத்து இடக்காரி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முட்டிகள் என்ன சொல்கின்றன என்று கேட்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் போய்விடுவேன். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழகின வலியே போதும், புதுசு எதுக்கு என்பது அவர் கட்சி. இத்தனை வயதிலும் தானே எழுந்து தானே குளித்து எனக்கும் சேர்த்து மீன் கறி வைக்கிறார் என்றால், அதற்காக நான் அந்த இரண்டு முட்டிகளுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவை தேய்ந்தது எனக்குச் சோறு போடத்தான்.

போன மாதம் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்கத் தோன்றியது. "அன்னிக்கு அவ்வளவு நேரம் தனியா இருந்தீங்களேம்மா, என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"சாமிய எங்க நெனச்சேன்?" என்றார் அம்மா. "நீ வாசலத் தாண்டுற வரைக்கும் வாயத் தொறந்து கத்திடக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். காலடிச் சத்தம் நின்னதுமே நீ அங்க நின்னு திரும்பிப் பாக்குறேன்னு தெரிஞ்சு போச்சு. முதுகக்கூட வளைக்க முடியல. உன் சிரிப்புச் சத்தம் வெளிய போன பிறகுதான் அழுதேன்."

நான் இடது முட்டிக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். ஒன்பது வயதில், வாசலில் நின்று பார்த்தபோது, அம்மா கடவுளுக்காக மண்டியிட்டிருப்பதாகத்தான் நினைத்தேன்.