டம்ளருக்கடியில் அரையணா

திருமங்கலத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் பரிமாறியவரிடம் நான் பெயர் கேட்டதேயில்லை. நெற்றி நிறைய விபூதி, தோளில் ஈரத்துண்டு, ஒரே கையில் நான்கு டம்ளர். ஒரு சொட்டுக்கூடச் சிந்தமாட்டார்.

யுத்தகால விலைவாசியில், முதலாளி பரிமாறுகிறவர்களுக்குச் சம்பளம் கூட்டினார். அதே வாரம் தோசை சுருங்கியது. விலை மட்டும் மாறவில்லை. பரிமாறிய மற்றவர்கள் அதை அப்படியே இலையில் வைத்துவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் ஒவ்வொருவரிடமும், கல்லாவில் இருந்த முதலாளிக்குக் கேட்கும்படியே சொன்னார்: "அண்ணே, தோசை இப்ப இம்புட்டுத்தான். பாத்துச் சொல்லுங்க."

முதலாளி முகம் கடுத்தது. இவர் அடுத்த இலையைப் போட்டார்.

சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல டம்ளருக்கடியில் அவருக்கென்று அரையணா வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னாலேயே வந்து அதை என் கையில் வைத்தார்.

"ஏண்ணே, கோவமா?" என்றேன்.

"கோவமென்ன. எங்களுக்குக் கூடுன சம்பளம் உங்க தோசையிலருந்துதான வந்துச்சு. ஒருக்கா குடுத்துட்டீக. மறுக்கா எதுக்கு?"

மறுவாரம் போனேன். தோசை அதே அளவில்தான் இருந்தது. பரிமாறியவர் வேறு ஆள். டம்ளருக்கடியில் காசு வைக்க எனக்குக் கை வரவில்லை.