நான் லீவில் இருந்தபோது நான் செய்த சாதனை

1991 மார்ச்சில் ஒரு மேலாண்மைக் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்போது ஒரகடத்தில், வல்லக்கோட்டை போகும் சாலையில் இருந்த ஒரு பிரஸ் ஷாப்பில் நான் இன்ஜினீயர். லாரிகளுக்கான இரும்புத் தகட்டுப் பாகங்களை அடித்துத் தள்ளும் இடம் அது. இன்ஜினீயர் என்று பெயர்தான். எத்தனை அடித்தோம் என்று எழுதி மேனேஜரிடம் கொடுப்பதும், ஏன் குறைந்தது என்று அவர் கேட்டால் கரண்ட் மீது பழிபோடுவதும்தான் என் வேலை.

கடிதத்தைப் பார்த்ததும் குதித்தேன். பிறகு, நான் அனுப்பியிருந்த விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் படித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தலைமைப் பண்போடு செய்த ஒரு காரியத்தை விவரிக்கும்படி அதில் ஒரு கேள்வி. எங்கள் பெரிய பிரஸ்ஸில் டை மாற்றும் நேரத்தை மூன்று மணியிலிருந்து முக்கால் மணியாகக் குறைத்தேன் என்று எழுதியிருந்தேன். டை என்பது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் கனமான அச்சு. வேறு பாகம் அடிக்க வேண்டுமென்றால் அதைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டும். நேரம் குறைந்தது உண்மைதான். குறைத்தவர் எங்கள் ஃபிட்டர். அவர் அதைச் செய்த வாரம், அம்மை போட்டிருக்கிறது என்று லீவ் எடுத்துக்கொண்டு, இதே கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்காகச் சென்னையில் கோச்சிங் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து என் பெயரில் ரிப்போர்ட் எழுதினேன். எப்படி நடந்தது என்று கேட்கக்கூட இல்லை. விண்ணப்பத்திலோ, நானே யோசித்தேன், நானே வடிவமைத்தேன், நானே செயல்படுத்தினேன் என்று அடுக்கியிருந்தேன்.

ஆக, நேர்முகத் தேர்வுக்கு என் சொந்தச் சாதனையை முதலில் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் ஃபிட்டரைத் தேடிப் போனேன். சேரப்பணஞ்சேரிக்காரர். ஐ.டி.ஐ. படித்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"அந்த டை செட்டிங் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்றீங்களா?"

"இன்னா சார் திடீர்னு? அப்பவே ரிப்போர்ட் குட்த்துட்டீங்களே. மேனேஜர் உங்க கையப் புடிச்சிக் குலுக்கினாரே."

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். எழுதியிருந்ததைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"'நான்'னு வருதே, அது யாரு சார்?"

"நான்தான்."

"அப்ப நானு?"

"நீங்க... டீம்."

"டீம்னு எழுதிகீறீங்களா?"

"இல்ல. இடம் பத்தல."

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபப்படாமல் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு டையும் ஒவ்வொரு உயரம். அதனால் மாற்றும்போதெல்லாம் பிரஸ்ஸை முதலிலிருந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் தகடு வைத்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார். பிரஸ்ஸின் மேடையில் இரண்டு இரும்புக் கட்டைகளை வெல்ட் பண்ணினார். டையைத் தள்ளினால் கட்டையில் முட்டி, சரியான இடத்தில் நிற்கும். நான் நோட்டில் படம் போட்டு எழுதிக்கொண்டேன்.

"எழுதிக்கினா மட்டும் வராது சார். ஒருவாட்டி நீங்களே மாத்துங்க."

மறுநாள் மாற்றினேன். கட்டை விரல் நசுங்கி நகம் கறுத்தது. எனக்கு ஆன நேரம் இரண்டே முக்கால் மணி.

"பழைய டைமுக்கே கொண்டாந்துட்டீங்க சார்" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "டைம் கொறஞ்சதுல பசங்களுக்கு ஓ.டி. காசு போச்சு. ரெண்டு மாசம் எவனும் எங்கிட்ட பேசல. அதையும் எழுதிக்குங்க."

அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. தேர்வுக்கு அது தேவைப்படாது என்பது என் கணிப்பு.

தேர்வு சென்னையில். வளைகுடாப் போர், பெட்ரோல் விலை, தலைமைக்கு மூன்று இலக்கணங்கள் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, கடன் வாங்கிய டையுடன் போயிருந்தேன். இது கழுத்தில் கட்டுகிற டை. இதை மாட்டவும் முக்கால் மணி நேரம் ஆனது.

உள்ளே மூன்று பேராசிரியர்கள். மனப்பாடம் செய்த ஒன்றையும் கேட்கவில்லை. நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துத் தகட்டின் தடிமன் கேட்டார். சொன்னேன். கட்டைகளைப் பற்றிக் கேட்டார். காற்றில் வரைந்தே காட்டினேன். இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது அவருக்கு வலப்பக்கம் இருந்த அம்மையார் கேட்டார்.

"தொழிலாளர்கள் என்ன சொன்னார்கள்?"

"மிகவும் மகிழ்ந்தார்கள், மேடம்."

"ஓவர்டைம் குறைந்திருக்குமே. அப்படியுமா?"

நோட்டில் இல்லாத கேள்வி. வாயைத் திறந்தேன்.

"அதை எங்கள் ஃபிட்டரைத்தான் கேட்க வேண்டும்."

"ஏன் அவரை?"

"இதைச் செய்தது அவர்தான்."

"அப்போது நீங்கள்?"

"லீவில் இருந்தேன்."

"எதற்கு?"

"உங்கள் தேர்வுக்குப் படிக்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலேயே. நேர்மை என்று இதைச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த நிமிடம் வேறு எந்தப் பொய்யும் கைவசம் இல்லை என்பதே உண்மை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டுவதற்குள், என் நேர்மைக்காகவே இடம் கொடுக்கப்போகிறார்கள் என்று முடிவுசெய்துவிட்டேன். அந்த நம்பிக்கையில் மூன்று வாரம் மிதந்தேன். வருந்துகிறோம் என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது.

ஃபிட்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அங்க சொன்னீங்க, சரி. இங்க மேனேஜர்கிட்ட எப்ப சார் சொல்லப்போறீங்க?"

அந்த மூவரைவிட மேனேஜர் அறை வாசல் என்னை அதிகம் பயமுறுத்தியது. இருமுறை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை சொல்லிவிட்டேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஃபிட்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்ததும் எழுந்து கை குலுக்கினார். ஃபிட்டர் கையை விடவில்லை. விடாமலே, டைகளைச் செய்கிற டூல் ரூமுக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். கிடைத்தது.

அடுத்த திங்கட்கிழமை டை மாற்றும் ஆள் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்து, "உனக்குத்தான் தெரியுமேப்பா" என்றார். அந்த வருடம் முடிவதற்குள் என் நேரம் ஒன்றேகால் மணிக்கு வந்திருந்தது. இதை மட்டும் யார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.