மேலே எழுதிய பேர்

லெந்து காலம் தொடங்கியதும் எங்கள் போதகர், ஒவ்வொருவரும் ஈஸ்டருக்குள் பக்கத்து வீட்டார் ஒருவரிடமாவது ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார். நானும் தலையாட்டினேன். முதல் ஞாயிறு பைப்பில் தண்ணீர் நின்றுபோய், குடத்தோடு ஓடைக்கு நடந்ததிலேயே பொழுது போனது. இரண்டாம் ஞாயிறு மகனுக்குக் காய்ச்சல். மூன்றாம் ஞாயிறு சாக்கு எதுவும் கிடைக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்தது கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவுடையது. வேலை நாட்களில் அவருடைய கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது நான்தான். இடையில் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். மாரியம்மன் திருவிழாப் பொங்கல் அவர் வீட்டிலிருந்து வரும். கிறிஸ்மஸ் கேக் எங்கள் வீட்டிலிருந்து போகும். சாமியைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை.

அன்று அவர் வாசலில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாயில் குழந்தை. வாசித்த புத்தகங்களையெல்லாம் அலசி நான் தயார் செய்திருந்த முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

"அக்கா, ஒங்க பேரு மேல எழுதியிருக்கான்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?"

கத்தி கீழே விழுந்தது.

"மேக்கணக்குலயா? யாரு சொன்னா?"

மேக்கணக்கு என்பது எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவு, நல்ல ஏற்றம். வெயிலில் கீழே கொழுந்து குறைந்ததால் சிலரை அங்கே மாற்றப்போகிறார்கள் என்று அந்த வாரம் முழுக்கப் பேச்சு. அங்கே போனால் நடுவில் வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாது. நான் சொன்ன மேலே வேறு என்று விளக்குவதற்குள் அக்கா கங்காணி வீட்டுக்கு ஓடிவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணே! என் பேர மேக்கணக்குக்கு எழுதிட்டீங்களாமே?"

சவரம் செய்துகொண்டிருந்த கங்காணி பாதி நுரையோடு திரும்பினார். "இன்னும் எழுதலயே! நாளைக்குக் காலையில பெரட்டுல ஆள் பிரிக்கறப்பதான் எழுதலாம்னு இருந்தேன். ஒனக்கு யாரு தாயி சொன்னா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழந்தையைப் பார்த்தேன். அது லயமே கேட்கும்படி அழத் தொடங்கியது.

"என்னைய மேல அனுப்பிட்டு, இதுக்கு நீங்க பால் குடுப்பீங்களா?" என்றார் அக்கா.

கங்காணியின் மனைவி உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. கங்காணி அவசரமாக நுரையைத் துடைத்தார். "பால்குடிப் புள்ள இருக்கறது மறந்துபோச்சு தாயி. நீ கீழயே நில்லு. மொதல்ல அத அமத்து."

திரும்பும் வழியில், குழந்தையை வாங்கி முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "நல்ல வேள சொன்ன. கங்காணி மனசுல இருந்தது ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

"நான் மேக்கணக்கச் சொல்லலக்கா. பரலோகத்தச் சொன்னேன்."

நடுப்பாதையில் நின்று சிரித்தார். "அங்கயும் பேரு போடுறாங்களா? நெறுவ கொறஞ்சா அரைப்பேருதானா?"

ஒரு நாள் கூலிக்கு இங்கே ஒரு பேர் என்பார்கள். பறித்த கொழுந்து நிறையில் குறைந்தால் அரைப்பேர்தான்.

"அங்க நிறுக்கறதே இல்லக்கா. நம்பி வந்தா முழுப்பேரு."

"வேல செய்யாட்டியுமா?"

"செய்யாட்டியும்."

"அப்ப எங்க வீட்டு மனுசனுக்குக்கூடவா?"

"அவருக்குந்தான்."

வீட்டு வாசல் வந்ததும் அக்கா திரும்பினார்.

"அந்தாளுக்கே முழுப்பேருன்னா அது லேசுப்பட்ட வெசயமில்ல. உள்ள வா, தேத்தண்ணி ஊத்துறேன். ஒக்காந்து வெவரமாச் சொல்லு."