கேமராவின் பச்சைக் கோடு

நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவை விடுதியாக மாற்றியிருந்தார்கள். அதன் அறைகளைப் படம் எடுப்பதுதான் எங்கள் தோட்டத்துக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் கேமரா வேலை. கணினியில் படங்களைப் பார்த்த மேனேஜர் தலையைச் சாய்த்தார்.

"என்ன தங்கச்சி, கதவு, அலமாரி எல்லாம் ஒரு பக்கமா சாயுது?"

"லெவல் பாத்துத்தான் எடுத்தேன் சார்."

"லயத்துல பொறந்து வளந்த கண்ணு. சரிவு பழகிப் போச்சு போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக்கொள்வாராம்.

லிந்துலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பேச்சு குத்திக்கொண்டே வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக் காம்பராவில் தரையே சரிவுதான். கட்டில், மேசை எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் கட்டை வைத்திருப்போம். அதனால்தான், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளான நான், என் கண்ணை நம்பாமல் கேமராவுக்குள் இருக்கும் லெவலை நம்பினேன். நேராகப் பிடித்தால் திரையில் கோடு பச்சையாகும். அலமாரி சாய்வதாகக் கண் சொன்னபோதும் பச்சையைப் பார்த்தே அமுக்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. வீட்டுக்குள் கூரை மரத்தில் நூலைக் கட்டி, நுனியில் கனத்துக்குப் பூட்டைத் தொங்கவிட்டேன். தரை சரிந்திருந்தாலும் நூல் நேராகத்தான் தொங்கும்.

"கதவச் சாத்துங்கம்மா, காத்துல நூல் ஆடுது."

"பூட்டத் தொங்கவிட ஒரு ஆளு, கதவச் சாத்த ஒரு ஆளு. இதுக்கா புள்ள இவ்ளோ படிச்ச?"

"இதுக்குந்தாம்மா."

நூல் ஆடாமல் நின்றது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, திரையின் நடுக்கோடு நூலின் மேல் விழும்வரை மெல்லத் திருப்பினேன். லெவல் பச்சையாகவில்லை. பச்சையாகும்வரை திருப்பியபோது, அலமாரி சாய்ந்த அதே பக்கம் நூலும் சாய்ந்தது. கேமராவைக் கழற்றி மாட்டித் திரும்பவும் பார்த்தேன். அதே அளவு பிசகு. என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

பிசகு மாறாமல் ஒரே அளவில் இருந்தால் திருத்திவிடலாம். கேமராவின் அமைப்புகளில் அதற்கு ஓர் இடம் இருந்தது. நடுக்கோட்டை நூலோடு பொருத்தி, இதுதான் நேர் என்று பதிந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப பூட்டக் குடு, கடைக்குப் போகணும்" என்றார்.

மறுபடி போய் எல்லா அறைகளையும் எடுத்தேன். மேனேஜர் ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்து, கடைசிப் படத்தில் நின்றார்.

"இந்த ஜன்னல் இன்னும் சாயுதே?"

"ஜன்னலே அப்படித்தான் சார். பக்கத்துல அலமாரியப் பாருங்க, நேரா நிக்குது. ரெண்டும் ஒரே படத்துலதான இருக்கு?"

எழுந்து அந்த அறைக்கே போனார். நானும் பின்னால் போனேன். ஜன்னல் முன் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தினமும் இதப் பாக்கிறேன், தெரியலயே! படத்துலயாவது நேராக்கிக் குடுங்களேன் தங்கச்சி."

"ஜன்னல நேராக்குனா அலமாரி சாஞ்சுரும் சார்."

சிரித்துவிட்டார். இந்த முறை அவர் சிரித்தது என் கண்ணைக் குறை சொல்லி அல்ல. படங்களை அப்படியே எடுத்துக்கொண்டார். விடுதியின் இணையப் பக்கத்தில் அவை என் பெயரோடு இருக்கின்றன. யாராவது கேட்டால், அந்தக் கோணல் ஜன்னல் படத்தைத்தான் முதலில் காட்டுவேன்.