காம்பஸ் காலில் இருந்த கீறல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணிடம் நான் ஒரு வரி பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் வேலை. படித்தது பத்தாவது. எழுத்தில் வாயடிக்கிற அளவுக்கு நேரில் வராது. புது ஆள் வந்தால் நான் தூண் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

டிராயிங் போடத் தெரியாது. ஆனால் டிராயிங் போடுகிற பழைய கருவிகள் மேல் ஒரு பைத்தியம்... காம்பஸ், டிவைடர், மை தொட்டுக் கோடு இழுக்கிற பேனா. கம்ப்யூட்டர் வந்த பிறகு யாருக்கும் வேண்டாமல் போனவை. லீவு நாளில் ஒரகடம் ரோட்டில் நசீர் பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போனால், வருஷத்தில் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

இரண்டு மாதம் முன்பு அப்படிக் கிடைத்ததுதான் இந்தப் பெட்டி. கறுப்புப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட். பாய் எடை போடப் போனார். நான் தடுத்து முந்நூறு ரூபாய் கொடுத்தேன்.

எப்படி மதிப்புப் போடுவது என்று பல பேர் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் காந்தத்தைக் காட்டுங்கள். முனை ஒட்டும், உடம்பு ஒட்டாது — அப்படியென்றால் உடம்பு ஜெர்மன் சில்வர். பெயர்தான் சில்வர், வெள்ளி துளியும் கிடையாது. அடுத்து, காம்பஸை விரித்துக் கையை எடுங்கள். விரித்த இடத்திலேயே நின்றால் நல்ல மூட்டு, தானாக மடங்கினால் தேய்ந்தது. கடைசியாக வெல்வெட்டில் உள்ள பள்ளங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும். ஒரு பள்ளம் காலி என்றால் விலை பாதி.

இந்தப் பெட்டியில் எல்லாமே பாஸ். ஒரே ஒரு குறை. பெரிய காம்பஸின் ஒரு காலில், உள்பக்கம், ஒரு கீறல். வட்டமாகத் தொடங்கி எங்கேயோ வழுக்கிக்கொண்டு போயிருந்தது.

டூல் ரூம் ஆளுக்குக் கீறல் என்றால் என்ன? ரிஜக்ட். இருபத்திரண்டு வருஷமாக, அளவு பார்க்கிற கேஜில் கீறல் பட்டால் சிவப்பு டேக் கட்டிக் கட்டிப் பழகிய கை. விடுமா? ஜீரோ நம்பர் எமரி பேப்பரை, அதாவது நைசான உப்புத்தாளை, எண்ணெயில் நனைத்து, ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். அப்புறம் பாலிஷ். கீறல் இருந்த இடமே தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

போன ஞாயிறு பாய் போன் செய்தார். "உன் கம்பாஸ் பெட்டிய எடுத்துகினு வாபா. ஒரு அம்மா கட கடயா ஏறி எறங்கிக் கேட்டுகினு வந்துகீது."

போனேன். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் சீட் கவர் தைக்கிற கம்பெனியில் வேலை என்று பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்பா டிராயிங் ஆபீசில் இருந்தவராம். இறந்து நாலு மாதம்.

"அண்ணன் வூட்ட காலி பண்ணான். எனக்கு ஒரு வார்த்த சொல்லாம எல்லாத்தையும் லோடு ஏத்தி அனுப்பிச்சிட்டான் பாய். மத்தது போனா போவட்டும். அந்தப் பெட்டி ஒண்ணுதான் எனக்கு வேணும்."

"உன்துதான்னு எப்படிமா கண்டுபுடிப்ப? எல்லாம் ஒண்ணு மாதிரிதான இருக்கும்?"

"அடையாளம் கீது பாய். ஒண்ணாவது படிக்கும்போது, பெரிய காம்பஸ் கால்ல உள்பக்கமா 'எ'னு கிறுக்கி வச்சிட்டேன். எம்பேரு எஸ்தர். டிவைடர் முனையால கிறுக்குனது, கோணலா இருக்கும். அப்பா என்ன அடிச்சது அந்த ஒரு வாட்டிதான். அடிச்சிட்டு அவரே அழுதாரு."

"அடிச்சவரே அழுதாரா? எங்கப்பா அடிச்சா தெருவே அழுவும்" என்றார் பாய். அந்த அம்மா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வட்டமாகத் தொடங்கி வழுக்கிக்கொண்டு போன கீறல்... அது 'எ'.

பாய் என்னைக் காட்டினார். "இவருதான்மா பெட்டி வச்சிருக்காரு. இவரு கையில போனா எந்தத் துருப்புடிச்சதும் புதுசாயிடும்."

பெட்டியை நீட்டினேன். அவர் காம்பஸை எடுத்தார். உள்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு காலையும் பார்த்தார். விரலால் தடவினார்.

"இது இல்லண்ணா" என்றார் என்னிடம். "பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அப்பா ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி பெட்டி குடுத்தாங்களாம். வேற யார்துனா இருக்கும்."

சொல்லிக்கொண்டே காம்பஸை அதன் பள்ளத்தில் வைத்தார். பெட்டியைப் பார்க்காமலே வைத்தார். எனக்கே எது எந்தப் பள்ளம் என்று இன்னும் தடுமாறும்.

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். பாய் இப்போதுதான் என் கையைப் புகழ்ந்திருக்கிறார். அந்தக் கைதான் அழித்தது என்று எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா... எனக்கே தெரியாது.

அவர் ரோட்டைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினார். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் நகருமா? நின்றது. அவர் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டது கடையிலிருந்தே தெரிந்தது. நடந்தால் இருபது அடி. ஒரு ஆள் ஏறினார். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் ஆட்டோ போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் பாயிடம் சொன்னேன். அவர் தராசை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"வண்டி அம்மாம் நேரம் நின்னுகினு இருந்துச்சே. இன்னாபா பண்ணிகினு இருந்த?"

"பெட்டியத் தொடச்சிகினு இருந்தேன்."

பாய் மறுபடி தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

போன் நம்பர் பாயும் வாங்கவில்லை. லோடு கொண்டுவந்தவரைப் பிடித்து அந்த வீட்டுக்குப் போனேன். பூட்டு. அண்ணன் எங்கே போனார் என்று பக்கத்து வீட்டில் தெரியவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் இரண்டு நாள் இருங்காட்டுக்கோட்டையில் போய் நின்றேன். ஒரே நிற யூனிபாரத்தில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தரை நிறுத்தி விசாரிக்கவாவது தைரியம் வேண்டாமா? நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சென்னையில் இந்தக் கருவிகளைச் சேர்க்கிற ஒருவரிடம் இந்த வாரம்தான் போனில் பேசினேன். தேய்த்தேன் என்றதும், "ஏன் சார் கை வச்சீங்க? பேரு, கீறல்னு ஏதாவது இருந்தா அப்படியே விட்டுடணும். யார் கையில இருந்ததுன்னு அதுதானே சொல்லும்" என்றார். ஆகவே மேலே எழுதிய மதிப்புக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தம் காட்டுங்கள், மூட்டைப் பாருங்கள், பள்ளத்தை எண்ணுங்கள். எமரி பேப்பரை மட்டும் எடுக்காதீர்கள்.

பெட்டி இப்போது பாய் கடையில், கல்லாவுக்குப் பின்னால், துணியில் சுற்றி இருக்கிறது. யார் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சீட் கவர் தைக்கிற யாராவது இதைப் படித்தால், உங்கள் லைனில் எஸ்தர் என்று ஒருவர் இருக்கிறாரா பாருங்கள். இருந்தால் கடைசி வரியை மட்டும் காட்டினால் போதும்.

எஸ்தர், அது உங்கள் பெட்டிதான். கீறல் இருந்தது, நான்தான் தேய்த்துவிட்டேன்.