பூ விழுந்த கண்

நாய்களுக்கு வரும் அடினோ வைரஸை வளர்க்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. விஞ்ஞானி எல்லாம் இல்லை. குடுவை கழுவி, செல் வளர்த்து, ஊசி பிடிக்கிற டெக்னீசியன். யார் கேட்டாலும் "லேப்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விளக்கினால் "நாய் ஆஸ்பத்திரியா?" என்பார்கள். எரிச்சல்தான் மிச்சம்.

உட்கார்ந்து முழுசாகக் கேட்ட ஒரே ஆள் என் அண்ணன். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் கேட் செக்யூரிட்டி. அண்ணி இறந்த பிறகு கேட்டை ஒட்டிய தகர அறையிலேயே தங்கிவிட்டார். துணைக்கு ஒரு பெட்டை நாய், செம்பட்டை நிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பம்பட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போவேன். முதல் உருண்டையை அவர் அதற்குத்தான் வைப்பார். அடேயப்பா, தங்கச்சியெல்லாம் அப்புறம்தானா என்று முறைப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறில்தான் எங்கள் வேலையைச் சொன்னேன். நாய்க்கு இருமல் தருகிற ஒரு அடினோ வைரஸ் இருக்கிறது. அது பெருகும் சக்தியைப் பிடுங்கிவிட்டு, நமக்கு வேண்டிய ஒரு ஜீனை உள்ளே ஏற்றி அனுப்பினால், நரம்பு நுனியைப் பிடித்துக்கொண்டு மூளை வரைக்கும் போய் அதை இறக்கிவிடும். எலி மூளையில் ஞாபகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இதை வைத்துத் தேடுகிறார்கள்.

"லாரின்னு சொல்லு" என்றார் அண்ணன். நாள் முழுக்க லாரியையே பார்க்கிறவர். "லோடு ஏத்திக்கினு போயி எறக்கிட்டு வர்து."

"வராதுண்ணா. போனது போனதுதான்."

"இன்னா லாரிம்மா அது" என்று சிரித்தார்.

போன மழைக்காலத்தில் நாய் படுத்துவிட்டது. காய்ச்சல், வாந்தி, ஈறெல்லாம் மஞ்சள். மூக்கில் பஞ்சைத் தடவி எடுத்துவந்து லேபில் பார்த்தோம். எங்கள் லாரியின் பங்காளி, கல்லீரலைப் பிடிக்கிற அடினோ. தடுப்பூசி இருக்கிறது. ஆலை வாசல் நாய்க்கு அதை யார் போடுகிறார்கள்?

"இதுக்குன்னு மருந்து இல்லண்ணா" என்று சொன்னேன். தண்ணீர் ஏற்றலாம், சத்து கொடுக்கலாம், மிச்சத்தை அதன் உடம்புதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கவரைப்பேட்டையிலிருந்து ஒரு கால்நடை டாக்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்து டிரிப்ஸ் போட்டோம். ஊசிக்காக நாயை அழுத்திப் பிடித்தவள் நான். பார்க்க மனசு வராமல் அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார். அப்புறம் கஞ்சித் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு அதன் நாக்கில் வைத்தார். பிழைத்துக்கொண்டது.

கொஞ்ச நாளில், நான் வேலைக்குப் போகிற ரயிலில் இருக்கும்போது போன் வந்தது. "யம்மா, கண்ணுல பூ வுழுந்துட்ச்சி. ஒரு கண்ணு நீலமா கீது. கண்ணு போன நாயி இன்னாத்துக்குன்னு மேனேஜரு வண்டில ஏத்தி எங்கனா உட்ருவாரு."

எனக்கோ சந்தோஷம். இந்த நோயிலிருந்து தேறி வரும் நாய்க்குச் சில சமயம் கருவிழி நீலமாகும். உடம்பு கிருமியோடு போட்ட சண்டையின் மிச்சம் அது. பெரும்பாலும் சில வாரத்தில் தெளிந்துவிடும். ரயில் சத்தத்துக்கு மேல் கத்தினேன்: "பயப்படாத. தேறுதுன்னு அர்த்தம். ஒண்ணும் பண்ணாத, தானா போயிடும்."

"சரிம்மா" என்றார்.

மருந்து இல்லை என்று முதலில் சொன்னவள், இப்போது ஒன்றும் பண்ணாதே என்கிறாள். தங்கச்சி கைகழுவிவிட்டாள் என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அப்பா அடுத்தவர் மாட்டைக் கூலிக்கு மேய்த்தவர். மாட்டுக் கண்ணில் பூ விழுந்தால், உப்பையும் புகையிலையையும் மென்று அந்தக் காரத்தோடு கண்ணுக்குள் துப்புவார்கள். எரிச்சலில் கண்ணீர் கொட்டி, பூ கரைந்துவிடும் என்று நம்பிக்கை. அண்ணன் வாயில் எந்நேரமும் புகையிலை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது நாய் கட்டிலுக்கடியில் கிடந்தது. நீலக் கண் வெந்து குழிந்திருந்தது. நல்ல கண்ணும் வீங்கி மூடிக்கொண்டிருந்தது.

"பூ அந்தாண்ட தாவக்கூடாதுன்னு ரெண்டுத்திலயும் உட்டேன்" என்றார். தினமும் செய்திருக்கிறார். திமிறத் திமிறத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தாஜா பண்ணிப் பண்ணி.

எனக்கு வந்ததே ஆத்திரம். "உனக்கு அறிவு கீதாண்ணா? ஒண்ணும் பண்ணாதன்னு தொண்டை கிழிய கத்துனேனே! நாசமா போன வைத்தியம்!" கேட்டில் நின்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "நீதான் கைவுட்டுட்ட. நானும் கைவுட்டா அதுக்கு யாரு கீறா?" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் களிம்பு கொடுத்தார். நீலக் கண் போயே போய்விட்டது. மற்றதில் நிழல் தெரிகிறது, அவ்வளவுதான். மேனேஜர் விரட்டவில்லை. குரைக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டார். அண்ணன் பயந்தது நடக்கவில்லை.

இப்போது அது மூக்கால்தான் ஆளை அறிகிறது. அண்ணன் பக்கத்தில் வந்தாலே சுவரோடு ஒண்டி, நின்ற இடத்தில் மூத்திரம் போகிறது. அவர் புகையிலையை விட்டுவிட்டார். சீயக்காய் போட்டுக் கையைத் தேய்க்கிறார். வருஷக்கணக்கில் ஊறிய வாசனை போகுமா? சோற்றை வைத்துவிட்டு அவர் வெளியே போனால்தான் தின்கிறது. ஊசிக்கு அழுத்திப் பிடித்த என் கையை மட்டும் நக்குகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

போன ஞாயிறு முதல் உருண்டையை உருட்டி என்னிடம் கொடுத்தார், நான் வைக்கட்டும் என்று. பிறகு மெதுவாகக் கேட்டார். "யம்மா, அந்த லாரி சொன்னியே. மூளைக்குள்ள போறது. ஞாபகம் எங்க கீதுன்னு தேடறாங்கன்னு."

"ஆமாண்ணா."

"எல்லாத்தையும் வாணாம். நான் துப்புனத மட்டும் அது மறந்துட்ற மாதிரி ஒரு லோடு எறக்க முடியுமா?"

"இப்போ எலிக்குத்தாண்ணா பண்றாங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார். எழுந்து வெளியே போய், காற்று எங்கள் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார், அது தின்று முடிக்கும்வரை.